எந்த நூற்றுக்கு?

என் வயிற்றில் பிறந்தவனுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. முதல் பக்கத்தைப் படித்ததும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். உனக்குப் பெண் நிச்சயமானது, தை மாதம் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் போவது, கோயம்புத்தூர் மில் ஆபீசில் உனக்கென்று தனி மேசை போட்டுக் கொடுத்தது, எல்லாவற்றையும் கேட்டு அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் பக்கத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. அதை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைக்கக்கூட மனம் வரவில்லை. அரிசிப் பானையின் கீழே வைத்திருக்கிறேன். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்யும் இருநூறு பெண்களின் கூலியை நூற்றுக்கு இருபது குறைத்து, ஆறு மாதம் கழித்து அதே இருபதைக் கூட்டிக் கொடுக்கும் யோசனை உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். "நூறு எண்பதாகும், எண்பது தொண்ணூற்றாறாகும், அந்த நாலு கம்பெனிக்கு மிச்சம், ஒருத்திக்கும் விளங்காது, மானேஜர் என் முதுகில் தட்டினார்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணச் செலவுக்கு அவர் முன்பணம் தருகிறாராம். எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்கப் போகிறாயாம்.

பதினோரு நாளாக நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டுமல்ல. உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு உரிமையில்லை என்று பட்டது. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் வாங்கினேன். பொறுமையாகப் படி. நான் ஒரு மனிதனை அழித்திருக்கிறேன். கத்தியால் அல்ல, விஷத்தால் அல்ல. நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கால் அழித்தேன். அதற்காக இன்று வரை நான் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

நீ கணக்குப் படித்தவன். உனக்கு நான் கணக்குச் சொல்லித் தர முடியாது. ஆனால் படித்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொன்னால் அந்த இத்தனையைத்தான் பார்ப்பார்கள், அந்த நூறு யார், எது என்று பார்க்க மாட்டார்கள். உன் அப்பா விஷக்காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் என்னிடம், "பயப்படாதீங்கம்மா, நூத்துக்கு எண்பது பேர் பிழைச்சுக்கிடுவாங்க" என்றார். நான் எண்பதைப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிச் சரக்கு எண்ணும் ஆள், நல்ல உடம்பு, அவர் எண்பதில் ஒருவராகத்தான் இருப்பார் என்று நம்பி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று மச்சினர் சொன்னதைக் கேட்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அந்த நூறு பேரில் பாலும் பழமும் வாங்கிக் கொடுக்க முடிந்தவர்கள் எத்தனை பேர், மூன்று வாரம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வெயிலில் சரக்கு எண்ணியவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது பொய்யில்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு.

அவர் போன பிறகு நான் நிலாவரை இலை சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். பேதி மருந்துக்குக் கப்பலேறும் அந்த இலை விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். நாங்கள் நாற்பது பெண்கள் சுளகில் போட்டுப் புடைத்து, காம்பையும் காயையும் பொறுக்கி எடுத்து, பழுத்த இலையைத் தனியாக, பச்சை நிறம் போகாமல் காய்ந்ததைத் தனியாகப் பிரிப்போம். நாள் கூலி எட்டணா. வாரத்துக்கு ஆறு நாள், சனிக்கிழமை சாயங்காலம் கையில் மூன்று ரூபாய். கிட்டங்கி முதலாளி காயல்பட்டினத்துக்காரர், வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் அவருடைய ஏஜெண்டு செல்லையா அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். வெள்ளை வேட்டி, காதில் பென்சில். யாரிடம் பேசினாலும் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பேசுவார். "நீங்க நூத்துக்கு அஞ்சு பேரு லேட்டா வாரிய" என்பார். நாற்பது பேரில் இரண்டு பேர் என்று சொல்ல மாட்டார்.

யுத்தம் வந்து கப்பல் நின்றது. மூட்டைகள் கூரை முட்டும் அளவுக்கு ஏறின. முதலாளி கூலியைக் கால்வாசி குறைக்கச் சொன்னார். அதில் ஏமாற்று இல்லை, எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். எட்டணா ஆறணாவானது. ஒரு வருஷம் போலப் பொறுத்தோம். பிறகு மறுபடியும் சரக்கு நகரத் தொடங்கியதும், பழைய கூலியையே கொடுத்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். செல்லையா எங்களை வரிசையாக நிற்க வைத்து, "குறைச்ச நூத்துக்கு இருபத்தஞ்சை அப்படியே கூட்டியாச்சு, எல்லாரும் சந்தோஷமா வேலையைப் பாருங்க" என்றார். அந்தச் சனிக்கிழமை கையில் விழுந்தது இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா.

அப்போது பேசியவள் சவரியாயி ஒருத்திதான். மணப்பாட்டுக்காரி, என் பக்கத்துச் சுளகு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய மீன் கூடையில் எத்தனை சாளை கிடக்கிறது என்று தொடாமலே சொல்லுவாள். காசை உள்ளங்கையில் விரித்துக் காட்டி, "அண்ணாச்சி, முந்தி மூணு ரூவா வந்துச்சு. இதுல மூணணா குறையுது" என்றாள்.

"என்னளா சொல்லுத? இருபத்தஞ்சு குறைச்சேன், இருபத்தஞ்சு கூட்டினேன். கணக்கு சரி. உன் வேலை குறைஞ்சிருக்கும்."

"எல்லாரு கையிலயும் இம்புட்டுத்தானே இருக்கு."

செல்லையா என் பக்கம் திரும்பினார். "நாசரேத்துல ஏழு வரை படிச்சவ இங்கன நிக்காளே, அவ சொல்லட்டும். ஏளா, இருபத்தஞ்சு கழிச்சு இருபத்தஞ்சைக் கூட்டினா என்ன வரும்?"

மகனே, நான் சொன்ன பதிலை உனக்குச் சொல்கிறேன். என் கையிலும் அதே இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாதான் இருந்தது. கண்ணுக்கு முன்னால் கிடந்த காசை நான் நம்பவில்லை, காதில் விழுந்த கணக்கை நம்பினேன். நாற்பது பேருக்கு நடுவில் படித்தவள் என்று என்னை ஒருவர் கூப்பிட்டாரே, அந்தப் பெருமை வேறு. "சரிதான் அண்ணாச்சி" என்றேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் செல்லையா. சவரியாயி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அவளுடைய முந்தானையைச் சுட்டிக்காட்டினார். நாலு நிலாவரை இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே எங்கள் எல்லோருடைய சேலையிலும் தலைமுடியிலும் இலை ஒட்டியிருக்கும், அது அந்த வேலையின் லட்சணம். "கூலி குறையுதுன்னு சரக்கைக் கட்டிக்கிட்டுப் போறியோ?" என்றார். திருடி என்று பேர் வைத்து அன்றைக்கே வெளியே அனுப்பினார். அந்தப் பேர் ஊரெல்லாம் பரவியது. வேறு எந்தக் கிட்டங்கியும் அவளை உள்ளே விடவில்லை. உப்பளத்துக்குப் போனாள். இரண்டு கோடை அந்த வெள்ளையில் நின்றதில் அவளுடைய கண் போயிற்று. முழுதாகப் போகவில்லை. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

எனக்கு என்ன கிடைத்தது என்றும் கேள். சரிதான் என்று சொன்ன வாய்க்குச் சம்பளம் கிடைத்தது. செல்லையா என்னைச் சுளகிலிருந்து எழுப்பி, தராசுப் பக்கம் உட்கார வைத்தார். வாரத்துக்கு ஒரு ரூபாய் கூடுதல். உன்னுடைய விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் அந்த ஒரு ரூபாயில்தான் கட்டப்பட்டது. நீ அங்கே சாப்பிட்ட ஒவ்வொரு பிடி சோற்றிலும் சவரியாயியின் கண் கொஞ்சம் இருந்தது. இத்தனை நாள் இதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லுகிறேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்திருந்தாய். அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு குதிரையின் விலையைக் கால்வாசி கூட்டி விற்று, வாங்கியவன் கால்வாசி குறைத்து விற்றால் என்ன ஆகும் என்று. நான் அரிசி களைந்துகொண்டே, "என்ன ஆகும், பழைய விலைக்கே வந்துரும்" என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, எந்த நூத்துக்குன்னு பாக்கணும்லா. முதல் கால்வாசி சின்ன விலையில, ரெண்டாவது கால்வாசி பெரிய விலையில" என்றாய். சொல்லிவிட்டு நீ வெளியே விளையாடப் போய்விட்டாய். நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டு, புளியங்கொட்டையில் நூறு எண்ணித் தரையில் வைத்தேன். இருபத்தைந்தை எடுத்துத் தள்ளினேன். மீதி எழுபத்தைந்து. அதை நாலு கூறு போட்டேன். கூறுக்குப் பதினெட்டு வந்தது, மூன்று கொட்டை மிஞ்சியது. ஆகக் கால்வாசி என்பது பதினெட்டேமுக்கால். எழுபத்தைந்தோடு அதைக் கூட்டினால் தொண்ணூற்று மூன்றேமுக்கால். நூறு வரவில்லை. ஆறேகால் குறைந்தது. நூற்றுக்கு ஆறேகால் என்றால் ரூபாய்க்கு ஓரணா, எட்டணாவுக்கு அரையணா. ஆறு நாளைக்கு மூன்றணா. சவரியாயி உள்ளங்கையில் காட்டிய அதே மூன்றணா. எழுபத்தைந்து திரும்ப நூறாக வேண்டுமென்றால் கால்வாசி போதாது, மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். குறையும்போது பெரிய நூறிலிருந்து குறைகிறது, கூடும்போது சின்ன நூறில் கூடுகிறது. இவ்வளவுதான். இது தெரியாமல்தான் ஒருத்தியைத் திருடியாக்கினேன்.

தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் கூலி நோட்டைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. முதலாளிக்குப் போகும் நோட்டில் தலைக்கு எட்டணா என்றே எழுதியிருந்தது. முப்பத்தெட்டுப் பேரின் மூன்றணா, வாரத்துக்கு ஏழு ரூபாய்க்கு மேல், செல்லையாவின் மடியில் போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கணக்கு தெரியாமல் நடந்தது அல்ல. தெரிந்துதான் செய்தார். உன்னைப்போல.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே முதலாளியிடம் போயிருப்பார்கள். நான் போகவில்லை. முதலாளியிடம் சொன்னால் அவர் செல்லையாவைத் திட்டுவார், அதிகம் போனால் வேலையை விட்டு நிறுத்துவார். சவரியாயிக்கு நடந்ததற்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியது. எந்தக் கணக்கால் அவளை அடித்தாரோ அந்தக் கணக்காலேயே அவரை அடிக்க வேண்டும், அதையும் அவராகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் காத்திருந்தேன். தினமும் "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து நின்றேன். அவருக்கு நான் நம்பிக்கையான ஆளானேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாத ஒரு நல்ல பெண்பிள்ளையின் முகம்தான் தெரியும். அதைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

யுத்தம் முடிந்த வருஷம் அது நடந்தது. வழக்கமாக இலை காட்டிலேயே காய்ந்துதான் வரும். அந்த வருஷம் வெளியூர் வியாபாரிகள் போட்டிக்கு வந்துவிட்டதால், முதலாளி செடியில் நின்ற இலையையே பேசி, பச்சையாகவே முப்பதாயிரம் ராத்தல் வாங்கிவிட்டார். அதை உலர்த்தித் தரும் வேலையைச் செல்லையா தானே குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. நூறு ராத்தல் பச்சை இலைக்கு இத்தனை ராத்தல் காய்ந்த இலை தருவேன், அதற்கு மேல் நின்றால் எனக்கு, குறைந்தால் அந்த விலையை நான் கட்டுவேன் என்று ஒப்பந்தம். அந்த இத்தனை எத்தனை என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"பச்சையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு சோதிச்சுச் சொல்லு."

பத்து ராத்தல் இலையை எடுத்து, கையில் பிடித்தால் பொடியாகும் வரை இரும்புச் சட்டியில் வாட்டி நிறுத்தேன். நாலு ராத்தல் நின்றது. "நூத்துக்கு அறுபது தண்ணி அண்ணாச்சி" என்றேன். உண்மை. வாங்கும் கம்பெனியின் காகிதத்தில், காய்ந்த இலையில் நூற்றுக்கு இருபது வரை ஈரம் இருக்கலாம், அதற்குமேல் காய்ந்தால் இலை நொறுங்கும் என்று போட்டிருந்தது. அதையும் வாசித்துக் காட்டினேன். அதுவும் உண்மை.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "அறுபது இருக்கு. இருபது நிக்கணும். அப்போ நூத்துக்கு நாப்பது போவும், அறுபது ராத்தல் நமக்கு நிக்கும். சரிதானே?"

இப்போது நீ பென்சிலை எடு மகனே. நூறு ராத்தல் பச்சை இலையில் அறுபது தண்ணீர் என்றால் இலை என்பது நாற்பது ராத்தல். அது எங்கேயும் போகாது. காய்ந்த பிறகு அந்த நாற்பது, மொத்தத்தில் நூற்றுக்கு எண்பதாக இருக்க வேண்டும். எந்த எடையில் நூற்றுக்கு எண்பது நாற்பது ராத்தலாகும்? ஐம்பது ராத்தலில். அறுபதில் அல்ல. அந்த அறுபது பச்சை நூற்றுக்குச் சொன்னது, இந்த இருபது காய்ந்த நூற்றுக்குச் சொன்னது. இரண்டு வேறு வேறு நூறு. அவர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டார். எங்களை ஏமாற்றத் தெரிந்த அளவுக்குத்தான் அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒரு படி வந்ததும் தடுமாறிவிட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைத்துவிடுவார். "சரிதான் அண்ணாச்சி" என்றேன்.

முதலாளியின் முன்னால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். முதலாளி அறுபது என்ற எண்ணை இரண்டு தடவை வாசித்தார். "யோசிச்சுத்தான் போடுதீரா?" என்று கேட்டார். தராசுப் பக்கமிருந்த என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விளங்கியிருந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இலை காயக் காய எடை இறங்கியது. முப்பதாயிரத்துக்குப் பதினெட்டாயிரம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தவருக்குப் பதினைந்தாயிரம்தான் நிற்கும் என்று தெரிந்தது. மூவாயிரம் ராத்தல் எங்கே போயிற்று? செல்லையாவுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. திருட்டு. சாயங்காலம் சங்கு ஊதியதும் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் மடியையும் முந்தானையையும் உதறச் சொன்னார். தூக்குச் சட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். கூலியில் நூற்றுக்குப் பத்து பிடித்தார். ஒன்பது நாள் இது நடந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் தராசுப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதான் நான் உனக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய பெரிய பாவம். அவரை ஏமாற்றியதை நான் பாவமாக நினைக்கவில்லை. இந்த ஒன்பது நாளைத்தான் நினைக்கிறேன். நான் வாய் திறந்தால் அந்தப் பெண்களுக்கு விடுதலை. ஆனால் மிச்சமிருந்த இலையைக் கட்டி மூட்டை போட்டு முதலாளி நிறுத்து எடுக்கும் வரை செல்லையாவுக்கு விஷயம் தெரியக்கூடாது. தெரிந்தால் போய்க் காலில் விழுந்து ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வார். அதற்காக முப்பத்தெட்டுப் பெண்களை வாசலில் உதற விட்டேன். சவரியாயிக்காகப் பழி வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே முப்பத்தெட்டு சவரியாயிகளை உண்டாக்கினேன்.

பத்தாம் நாள் கடைசி மூட்டையும் நிறுத்தாயிற்று. வாசலில் பேச்சியம்மா என்கிற பெண் மடியை உதற மாட்டேன் என்றாள், ஏழு மாதக் கர்ப்பிணி. செல்லையா கையை ஓங்கினார். நான் எழுந்து போய் நடுவில் நின்றேன்.

"அண்ணாச்சி, யாரும் எடுக்கல. இலை எங்கயும் போவல."

"பொறவு மூவாயிரம் ராத்தல் எங்களா போச்சு?"

"அது முதல்லயே இல்ல. நீங்க போட்ட கணக்குல மட்டுந்தான் இருந்துச்சு." நாற்பது, எண்பது, ஐம்பது என்று அவருக்குப் புரியும்படி, எல்லோரும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னேன். அவருடைய உதடு அசைந்தது, மனதுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. போட்டு முடித்ததும் முகம் சாம்பலாகிவிட்டது.

"நீ சரிதான்னு சொன்னியே."

"ஆமா. ரெண்டு தடவை சொன்னேன். ஒருக்கா தெரியாம, ஒருக்கா தெரிஞ்சு. சவரியாயி அன்னைக்குக் கேட்டா, மூணணா குறையுதேன்னு. நீங்க இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னு சொன்னியளே, எந்த நூத்துக்கு அண்ணாச்சி?"

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக் கேட்டாள், "அப்போ ஒனக்கு ஒம்பது நாளா தெரியுமாக்கா?"

அந்த மூவாயிரம் ராத்தலின் விலையைக் கட்டச் செல்லையா வீட்டை விற்றார். ஒரு நாள் மத்தியானம் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். காதில் ஒன்றுமில்லை, ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சேதான் செஞ்சியளா?" என்றாள். தெரிந்தேதான் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நாள் கூலியில் அரையணா குறைந்த விஷயத்தைக் கூலி நோட்டோடு முதலாளியிடம் கொண்டு போனேன். "எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து நான் குடுக்கேன். தெரியாத நாளுக்கு அவன்ட்டதான் கேக்கணும்" என்றார். கேட்கச் செல்லையாவிடம் என்ன மிச்சமிருந்தது? அடுத்த வாரத்திலிருந்து மூன்று ரூபாய் வந்தது. பழையது வராமலே போயிற்று.

நான் மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். சவரியாயி அவளுடைய அண்ணன் வீட்டில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் தேவையில்லாத வேலை. என் குரலைக் கேட்டதும் கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பரிசை நீட்டுவதுபோலத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது. கேட்டு முடித்துவிட்டு, "சேசுவே" என்று பெருமூச்சு விட்டாள்.

"அவன் வீடு போயிட்டா எனக்குக் கண்ணு வந்துருமாளா? ஒரு பொய்யி என்னைக் குறைச்சுது, இன்னொரு பொய்யில கூட்டிட்டேன்னு வந்து நிக்கே. கூட்டினா பழசு வராதுன்னு நீதானே கணக்கு போட்டுப் பாத்த?"

"என்னை மன்னிக்கக் கூடாதா?" என்றேன்.

"முடியல" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். பிறகு கருவாடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். வருஷத்துக்கு ஒரு முறை போகிறேன். ஒவ்வொரு முறையும் கருவாடு கிடைக்கிறது. மன்னிப்பை நான் திரும்பக் கேட்பதில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, புத்தி சொல்ல வேண்டியது தாயின் கடமை. கடையில் நூற்றுக்கு இத்தனை தள்ளுபடி என்று போட்டிருந்தால், போன மாதம் அந்தச் சேலை என்ன விலைக்கு இருந்தது என்று கேட்டு வை. விலைவாசி நூற்றுக்குப் பத்து ஏறி, சம்பளமும் நூற்றுக்குப் பத்து ஏறியது என்றால், அரிசி எத்தனை ஏறியது என்று பார்க்காமல் உன் மனைவியிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லாதே, அவள் கடைக்குப் போய் வந்து என்ன சொல்கிறாள் என்று முதலில் கேள். கையில் காசை வைத்துக்கொண்டு குறைகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு எதிராக ஒரு நாளும் கணக்கைக் காட்டாதே. இதெல்லாம் புத்திமதி.

இனிச் சொல்வது புத்திமதி அல்ல. அந்த இருநூறு பேரில் கணக்குத் தெரிந்த ஒருத்தி நிச்சயமாக இருப்பாள். இல்லாவிட்டாலும் ஒருத்தி பெற்ற பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகக் கணக்குப் போடுவான். அவளும் என்னைப்போல இரண்டு வருஷம் காத்திருந்து, உனக்கு "வாங்க சார்" என்று எழுந்து நிற்பாள். அப்படி ஒருத்தியிடம் உன்னை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவள் செய்யப் போவதை நானே செய்துவிடுகிறேன். நான் காத்திருக்க மாட்டேன், இந்தத் தடவை யாரையும் வாசலில் உதற விடவும் மாட்டேன். நீ பிள்ளை என்று பார்க்கவும் மாட்டேன்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. தூத்துக்குடியில் வண்டியேறி, மணியாச்சியில் மாறி, நானே கொண்டு வந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று உன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ரீலிங் பெண்கள் மில் கேட் வாசலில் கூடத் தொடங்கிவிட்டார்கள், வரும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடைசி வரிகளை உன் ஆபீஸ் திண்ணையில் எழுதிச் சேர்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார். நீ எழுந்து போய் அவர்களிடம் சொல்கிறாயா, நான் போகட்டுமா?

உன் அம்மா